கடைசி வரிசைக்காரர்

எந்தக் கூட்டமாக இருந்தாலும் சரி, பேச்சு ஆரம்பித்த சற்று நேரத்தில் ஒரு மனிதர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகவே நடந்துபோய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பார். பிறகு வந்த வழியே திரும்பி வந்து, மிக்ஸரில் ஏதோ ஒரு குமிழைக் கொஞ்சம் தள்ளுவார். மைக் செட் வாடகைக்கு விடுகிறவர் அவர். சொந்தப் பெயர் விசிட்டிங் கார்டில் மட்டும் இருந்தது. ஊர் வாயில் இருந்தது ‘கடைசி வரிசை’தான். “கடைசி வரிசையைக் கூப்பிட்டாச்சா? அப்ப கவலையில்லை” என்பார்கள் கல்யாண வீட்டுக்காரர்கள்.

இத்தனை வருஷமாக எத்தனையோ பேருடைய குரலை எத்தனையோ பேருக்குக் கேட்க வைத்த மனிதர். தன் மனைவி தனக்காக எழுதிப் பாடிய ஒரு பாட்டின் முடிவு மட்டும் அவருக்குக் கேட்கவில்லை. அதை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் இன்றைக்கு அவருக்கு இருக்கும் ஒரே ஆசை. பாட வேண்டியவளுக்கோ குரலே போய்விட்டது.

கடைசி வரிசையின் மேல் அவருக்கு அப்படி என்ன பிடிவாதம் என்றால், அது ஒரு அவமானத்தில் ஆரம்பித்தது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. மேடையில் பிள்ளைகள் நாடகம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “யோவ் மைக்கு! இதென்ன ஊமைப் படமா?” என்று ஒரு குரல் கொடுத்தார். மைக் இல்லாமலே அது மேடை வரை கேட்டது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அன்று குறுகிப் போனவர், அதற்கப்புறம் எந்தக் கடைசி வரிசையையும் சும்மா விட்டதில்லை. முன்வரிசையில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் அவருக்குக் கவலை கிடையாது. “முன்னாடி உட்கார்றவன் எப்படியும் கேட்டுடுவான் சார். பின்னாடி இருக்கிறவனுக்குத்தான் நாம” என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதில் பாதி வீடு பெட்டிகள். முன்னறையில் வயர்ச் சுருள்கள், மைக் ஸ்டாண்டுகள். படுக்கையறையில் கால்மாட்டில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று, தூசி படாமல் இருக்கப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் யாரோ மாமனார் வந்து நிற்பது மாதிரி இருக்கும். கல்யாணமான புதிதில் அவர் மனைவி இரண்டு தடவை அதைப் பார்த்து அலறியிருக்கிறாள். பிறகு பழகிப் போனது.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்கில் உட்காராத கண்ணாடியை உட்கார வைப்பாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிற கம்பியைச் சூடு காட்டி வளைப்பாள். கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள் என வெட்கப்படுகிறவர்களிடம் பேசிப் பேசியே போட வைத்துவிடுவாள். அந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு எதிரே இருப்பவர் முகம் சரியாகத் தெரியாது. அதனாலோ என்னவோ, மனசில் கிடப்பதையெல்லாம் பேசிவிடுவார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு திருகாணியை முடுக்கியபடி கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்ததும் அது பாட்டாகிவிடும்.

கிடார் அவளுடைய தம்பியுடையது. வெளியூர் வேலைக்குப் போனவன் அக்காவிடம் விட்டுவிட்டுப் போனான். திரும்பி வந்து கேட்கவில்லை. தானாகத் தட்டித் தடவிக் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். அவளுக்கு அப்போது கைக்குழந்தை. நடுவில் இருந்த சுவரோ பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். அந்தக் குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று, இவள் சமையலறையில் உட்கார்ந்து மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில் பாடுவாள். அப்படித்தான் அந்தக் குரல் அமைந்தது. நர்ஸ் ஒருநாள் வாசலில் நிறுத்தி, “அக்கா, நீங்க பாடும்போது நான் சுவத்துல காதை வெச்சுக்கிட்டுத்தான் நிப்பேன். நிறுத்திடாதீங்க” என்றாள்.

குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தது. இவள் குரல் அதே குரல்தான். “அந்தப் பிள்ளை சைக்கிளே ஓட்டுது. இன்னும் எதுக்கு மெதுவாப் பாடறே? கொஞ்சம் வாயைத் திறந்துதான் பாடேன்” என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் சிரித்தாள். அவர் வயர் சுற்றப் போய்விட்டார்.

அவளை வெளியே இழுத்தது பேக்கரிக்கார அம்மா. கண்ணாடியை வளைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர், இவள் வேலை செய்துகொண்டே முனகியதைக் கேட்டுவிட்டு, “இதை எங்க மாடியில வந்து பாடேன்” என்றார். பேக்கரிக்கு மேலே மாவு மூட்டை போட்டு வைத்திருந்த அறை ஒன்று காலியாக இருந்தது. மடக்கு நாற்காலி முப்பது. மைக் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் கடைக்கு வருகிறவர்கள் பன்னை வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி என்ன இருந்தது அந்தப் பாட்டில் என்று கேட்டால், எடுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரிய சாரீரம் இல்லை. உச்சத்துக்குப் போய் ஆளை அசத்துகிற வேலையெல்லாம் அவளிடம் நடக்காது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சு வாங்குவது கேட்கும். கம்பியின் மேல் விரல் நகரும்போது சின்னதாக ஒரு கீச்சு. பாதியில் தப்பாகிவிட்டால், “இருங்க, தப்பாப் போயிடுச்சு” என்று சொல்லிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். யாருக்கோ நடந்த கதையைப் பாடுகிறாள் என்று தெரியும். இருந்தாலும் உனக்கு மட்டும்தான் சொல்கிறேன் என்பது மாதிரி இருக்கும். செத்துப்போன மனைவியின் கண்ணாடியைக் கொண்டுவந்து, அதில் தன் பவரைப் போட்டுத் தரச் சொன்ன ஒருவரைப் பற்றி அவள் பாடிய பாட்டு இப்படி முடியும்:

“ஃப்ரேமை மாத்த வேண்டாம்மா, கண்ணாடியை மட்டும் மாத்து;
அவ பார்த்த வழியாவே நானும் கொஞ்ச நாள் பார்க்கறேன்.”

அதைக் கேட்டுவிட்டு யாரும் கை தட்ட மாட்டார்கள். கை தட்டினால் எதையோ உடைத்துவிடுவோம் என்பது போல் உட்கார்ந்திருப்பார்கள். பேக்கரிக்கார அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தவறாமல் வருகிற பஸ் டிரைவர் ஒருவர், “நாள் பூரா ஹாரன் சத்தம்மா. இங்க வந்தாத்தான் எனக்கும் ரெண்டு காது இருக்கிறது ஞாபகம் வருது” என்று அவளிடம் சொன்னார்.

அழ வைப்பதோடு விடமாட்டாள். வீட்டுக் கதையும் வரும்.

“எங்க வீட்டுல மூணு பேரு: நானு, அவரு, அந்தப் பெரிய பெட்டி;
எனக்குப் போர்வை இல்லாத நாளிலும் பெட்டிக்குப் போர்வை உண்டு.”

விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கதவோரமாக நின்றுகொண்டிருக்கும் மனிதரைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கும் உள்ளூரப் பெருமைதான். தன்னைப் பற்றியும் ஒரு பாட்டு இருக்கிறதே என்று நினைத்துக்கொள்வார்.

ஆனால் அவர் உட்கார்ந்ததில்லை. எந்த நிகழ்ச்சியிலும் உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர். கதவோரமாக நின்று, கேட்க வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் நாற்காலிகளைப் பார்த்தார். முதல் பாட்டில் வரிசையாக இருந்த நாற்காலிகள் மூன்றாம் பாட்டுக்குள் கலைந்துவிட்டன. பின்னால் இருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு அவள் பக்கமாகச் சாய்ந்தார்கள். கடைசியில் வரிசை என்று ஒன்றுமே இல்லை. அவளைச் சுற்றி ஒரு கொத்தாகக் கிடந்தார்கள். தொழில் கண்ணுக்கு அதெல்லாம் ஒரே ஒரு விஷயம்தான்: பாவம், கேட்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது சொல்லிவிட்டார். “பின்னாடி யாருக்குமே கேட்கலை. எல்லாரும் சேரைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க, பார்த்தியா?”

“பார்த்தேனே” என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு.

“இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? ஒரு சின்ன மைக் வெச்சாப் போதும்.”

“வேணாங்க. அவங்க வரட்டும்.”

மனுஷனுக்கு அது உறைக்கவில்லை. தன் பொருளை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்று மட்டும்தான் பட்டது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் ஸ்பீக்கர்களுக்குப் பக்கத்தில் நின்ற காது அது. கொஞ்ச காலமாகவே மெல்லிய சத்தங்கள் நழுவிக்கொண்டிருந்தன. மிக்ஸரில் பச்சையும் சிவப்புமாக ஏறி இறங்கும் விளக்குகளைப் பார்த்தே வேலையைச் சமாளிக்கப் பழகியிருந்தார். வீட்டில் டிவி சத்தம் அதிகம் என்று மனைவி கத்தினால், “கடைசி வரைக்கும் கேட்க வேணாமா?” என்று ஜோக் அடித்துத் தப்பிப்பார். அவள் ஏதாவது சொல்லிப் புரியவில்லை என்றால் தலையை ஆட்டுவார். “வேணுங்கிறதுக்கு மட்டும் காது கேட்கும் இவருக்கு” என்று அவளும் எல்லார் வீட்டிலும் சொல்வதைத்தான் சொல்வாள். அதில் பாதி உண்மை என்று அவளுக்குத் தெரியாது.

மாடி அறை போதவில்லை. படிக்கட்டிலெல்லாம் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் ஹாலை எடுக்கலாம் என்றார் பேக்கரிக்கார அம்மா. கடைசி வரிசைக்குத் தலைகால் புரியவில்லை. தன் வேலைக்கு இப்போதாவது இடம் வந்ததே! இருப்பதிலேயே நல்ல மைக்கை எடுத்துத் துடைத்தார். கால்மாட்டில் நின்ற பெரிய ஸ்பீக்கரின் போர்வையை உருவினார்.

“அது வேணாங்க” என்றாள். “மைக்கே வேணாமே. நான் இப்படியே பாடிடறேன்.”

“ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் வெக்கிறேன். என் பொண்டாட்டிக்கு வெக்கக் கூடாதா?”

கோபம் மாதிரிதான் கேட்டார். ஆனால் குரல் உடைந்தது. தன்னிடம் கொடுப்பதற்கு இருப்பது அது ஒன்றுதான் என்கிற மனிதரிடம் என்ன சொல்ல முடியும்?

“சரி, வைங்க. ஆனா ஒண்ணு. கடைசிப் பாட்டு புதுசு. அதுக்கு மட்டும் மிஷினை விட்டுட்டு முன்னாடி வந்து உட்காரணும். உட்காருவீங்களா?”

“இது ஒரு பெரிய விஷயமா? உட்கார்றேன்.”

அன்று ஹால் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் நர்ஸ், பேக்கரிக்கார அம்மா, பஸ் டிரைவர். அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலியில் அவளுடைய கைப்பை. அவருக்காகப் பிடித்து வைத்த இடம். பாட்டுகள் பழைய பாட்டுகள்தான். ஆனால் மைக் வழியாக ஹால் முழுக்கத் தாராளமாகக் கேட்டதால் யாரும் முன்னால் சாயவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, வசதியாகக் கேட்டார்கள். கண்ணாடிப் பாட்டு முடிந்ததும் பலமாகக் கை தட்டினார்கள். மூச்சும் கீச்சும் எங்கே போயினவென்று தெரியவில்லை. அவர் மட்டும் கடைசி வரிசைக்கும் மிக்ஸருக்கும் நடந்துகொண்டே இருந்தார். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல செட் போட்டதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு வந்தது. அவள் தலையைத் தூக்கி ஹாலின் பின்பக்கம் பார்த்தாள். இவர் கையைக் காட்டினார்: பாடு, பாடு, நான் பார்த்துக்கொள்கிறேன். போகலாம் என்றுதான் ஒரு காலை எடுத்து வைத்தார். அதற்குள் மிக்ஸரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. இதை யார் பார்ப்பது என்று நின்றுவிட்டார். இந்தப் பாட்டை நல்லபடியாகக் கேட்க வைப்பதுதானே தன் வேலை என்றும் நினைத்தார். அப்படித்தான் நினைத்தார், அதில் பொய் இல்லை.

அவள் கைப்பையைப் பார்த்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடுகிற பாட்டு என்று மட்டும் அவருக்குப் புரிந்தது. முடிவுக்கு வரும்போது அவள் மைக்கிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டாள். உதடு அசைகிறது, அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மைக் செத்துவிட்டது என்று நினைத்தார். கடைசி வரிசைக்குக் கேட்காதே என்று குமிழைத் தள்ளினார். இன்னும் கேட்கவில்லை. மேலே வரைக்கும் தள்ளினார்.

ஸ்பீக்கர் ஊளையிட்டது. அந்த மாதிரி சத்தம் அந்த ஹாலில் அதற்கு முன்னால் கேட்டிருக்காது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். ஒரு குழந்தை வீரிட்டது. பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் பாய்ந்து எல்லாவற்றையும் அணைத்தார். அவள் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அவ்வளவுதாங்க பாட்டு” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

வேனில் பெட்டிகளை ஏற்றும்போது, “மைக்ல ஏதோ கோளாறு” என்றார்.

“பரவால்லைங்க” என்றாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தப் பரவாயில்லையைத் தாங்க முடியவில்லை. அதோடு இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசவில்லை. அவள் மறுபடி பேக்கரி மாடிக்கும் போகவில்லை. கிடாரை நர்ஸின் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். என்னால்தான் பாட்டையே விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயம். அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு என்று ஒரு வார்த்தை கேட்கத் துணிவில்லாமல், நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று வருஷங்களைத் தள்ளினார்.

இடையில் ஒருநாள், யாருக்கும் தெரியாமல் ஊரின் இன்னொரு கோடியில் இருந்த காது டாக்டரிடம் போனார். தடித்த சத்தம் கேட்கும், மெல்லிய குரல் கேட்காது, ரொம்ப நாளாகவே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார் டாக்டர். சின்னதாக ஒரு மிஷின் மாட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்று கையில் எடுத்தும் காட்டினார். கடலை அளவுதான் இருந்தது. இவர் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். காதில் மிஷினோடு மைக் செட் போடப் போனால் எவன் கூப்பிடுவான்? கடைசி வரிசைக்குக் காதே கேட்காதாம் என்று ஊர் சிரிக்காதா? மனைவியிடமும் சொல்லவில்லை. ஹாலில் அன்று கெட்டுப்போனது மைக்தானா என்ற கேள்வி வீடு திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலங்கள் ஒரே மாதிரிதான். அவர் முன்னறையில் தரையில் உட்கார்ந்து வயர் சுற்றுவார். அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பாத்திரம் கழுவுவாள். நடுவில் கதவுகூட இல்லை.

அப்புறம் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் குரல் போய்விட்டது. காற்றும் கரகரப்புமாக ஏதோ வரும். பேசப் பேசக் கொஞ்சம் தேறலாம், பாட்டெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டுவிட்டு அவர் மருத்துவமனை வராந்தாவில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உயிர் பிழைத்தாளே என்று ஒரு பக்கம் நிம்மதி. இனி எந்த நாளைக்கும் கேட்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் நர்ஸ் பார்க்க வந்தாள். திரும்பிப் போகும்போது அவர் வாசல் வரை கூடவே போனார்.

“ஏம்மா, அன்னைக்கு அந்த ஹால்ல நீ முன்னாடிதானே உட்கார்ந்திருந்தே? கடைசிப் பாட்டு… அதோட முடிவு உனக்குக் கேட்டுச்சா?”

“ஏன் கேட்காம? எல்லாருக்கும் கேட்டுச்சே அண்ணா. கடைசி வரிசையில என் வீட்டுக்காரர் இருந்தாரு, அவருக்கே கேட்டுச்சு. மூச்சு விடாம எல்லாரும் கேட்டுக்கிட்டிருந்தோம், அதுக்குள்ளதான் அந்தச் சனியன் கூவிடுச்சு.”

நர்ஸ் அவர் முகத்தைக் கவனிக்காமல் தொடர்ந்தாள்.

“அதுவும் அன்னைக்கு மட்டுமா? அக்கா தினமும் பாடுவாங்களே, அந்தப் பாட்டை.”

“யாரு?”

“அக்காதான். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது. எங்க சுவர்ல கேட்கும். வருஷக்கணக்கா பாடினாங்க. எம் பொண்ணு அதைக் கேட்டுத்தான் கிடார்ல வாசிக்கவே கத்துக்கிட்டா. ஆபரேஷனுக்கு ரொம்ப முன்னாடியே ஒருநாள் நிறுத்திட்டாங்க. ஏங்க்கான்னு கேட்டேன். ‘போதும்’னாங்க. நீங்க வீட்டுலதானே அண்ணா இருப்பீங்க? பக்கத்து வீட்டுக்காரி நான் வந்து உங்களுக்குச் சொல்லணுமா?”

“அந்த வரியைச் சொல்லு.”

நர்ஸுக்கு வார்டில் வயசானவர்களிடம் பேசிப் பேசிக் குரல் பெரிதாகிவிட்டது. பாடவும் வராது. வாசலில் நின்றுகொண்டு, மருந்து எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வது மாதிரி சத்தமாகச் சொன்னாள்:

“சத்தமாக் கூப்பிடத் தெரியாது எனக்கு;
மெதுவாத்தான் பாடுவேன், நீ எழுந்து வர்ற வரைக்கும்.”

அவ்வளவு மெல்லிய பாட்டு அவருக்கு அப்படித்தான் கேட்கக் கிடைத்தது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

நர்ஸ் போன பிறகும் வாசலிலேயே நின்றார். பேக்கரி மாடியில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களை நினைத்தார். கேட்காததால் வருகிறார்கள் என்று நினைத்தோமே, வர வேண்டும் என்றுதானே அவள் பாடினாள்? முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அது புரிந்திருக்கிறது. பஸ் டிரைவருக்குப் புரிந்திருக்கிறது. தனக்கு மட்டும் புரியாமல், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு குமிழைத் தள்ளிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேல் அருவருப்பே வந்தது. அதையாவது தெரியாத்தனம் என்று சொல்லலாம். டாக்டர் கையில் காட்டிய அந்தச் சின்ன மிஷினை என்ன சொல்வது? அதை மாட்டியிருந்தால் எத்தனையோ சாயங்காலங்களில் ஏதாவது ஒன்றில் வயரைப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பாரே!

உள்ளே போனார். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பித்தபோது காது டாக்டரிலிருந்துதான் ஆரம்பித்தார். காது எப்போதிலிருந்து இப்படி, எதற்காக மறைத்தோம், அன்று ஹாலில் குமிழை எதற்காகத் தள்ளினோம் எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் சொன்னதையும் சொன்னார். “எனக்குக் கேட்கலைம்மா. ஒரு நாள்கூடக் கேட்கலை. நீ பாட்டையே விட்டுட்டேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

அவள் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். உதடு அசைந்தது. அவருக்குக் கேட்கவில்லை. “என்னம்மா?” என்று நகர்ந்தார். மறுபடி அசைந்தது. இன்னும் நகர்ந்து, குனிந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். அவளுடைய மூச்சு காதில் பட்டது.

“கண்ணு தெரியலைன்னு வர்றவங்களைத்தானே நான் தினமும் பார்க்கறேன். காது கேட்கலைன்னு என்கிட்ட சொல்லக் கூடாதா?”

அவர் காதை எடுக்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு அந்தக் கரகரப்பிலேயே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“கேட்குதுன்னுதான் நெனச்சேன். கேட்டும் வரலைன்னு நெனச்சேன். அதான் நிறுத்திட்டேன்.”